நிற்பாட்டக் கூடாத கார்

காரின் எஞ்சினை எக்காரணம் கொண்டும் நிற்பாட்டச் சொல்லக் கூடாது என்பதே சாரதி எங்களுக்கு விதித்த ஒரே நிபந்தனை. சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. விமானங்கள் வரவில்லை, ஷெல் சத்தம் கேட்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோலும் இன்னும் வந்துசேரவில்லை. ஓடக்கூடிய வண்டிகள் எல்லாம் சில ஆண்டுகளாக மண்ணெண்ணெயில்தான் ஓடிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெயைக் கொண்டு ஓடலாமே தவிர, அதைக் கொண்டு ஒரு எஞ்சினை எழுப்ப முடியாது. எழுப்புவதற்குச் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தத் துளிகளை எங்கள் சாரதி ஒரு பழைய சேலைன் போத்தலில் அடைத்து, துணியால் சுற்றி, தம் இருக்கைக்குக் கீழே வைத்திருந்தார்.

“ரீச்சர், இதிலை ரெண்டு தரத்துக்குத்தான் இருக்கு,” என்றார். “ஒருக்கா இப்ப. மற்றது அந்தரம் அவசரத்துக்கு. நீங்கள் இறங்கி ஆறுதலாப் பாருங்கோ. நான் இருந்து இவளை உறுமவிட்டுக்கொண்டிருப்பன். இவள் நித்திரையானாளெண்டா பிறகு மாதாவே வந்தாலும் எழும்பமாட்டாள்.”

‘இவள்’ என்றது தம் மொறிஸ் மைனரை. குருநகர்க்காரர், என்னைவிடச் சற்று மூத்தவர். கண்ணாடியில் ஒரு செபமாலை தொங்கியது. பொனற்றைத் திறந்து, சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, அவர் அந்தக் காரை எழுப்பியதை என் கணவர் குனிந்து நின்று பார்த்தார். கொழும்பிலிருந்து வந்தவருக்கு அது புதினமான காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

என் கணவர் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. திருமணமான புதிதில் நானும் அங்கேதான் அவருடன் இருந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. பக்கத்து வீட்டின் களஞ்சிய அறையில் அரிசி மூடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, பிறகு அகதி முகாமாகிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து, இறுதியில் கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினோம். அவர் திரும்பவும் வேலைக்குப் போனார். நான் போகவில்லை. சண்டிலிப்பாயில் அவருடைய தாயாரின் வீட்டில் தங்கி, அயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தேன். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில் விடுமுறைக்கு விடுமுறை வந்துபோனார். பாதை மூடியபின் வரவே இல்லை. அவர் முகத்தைவிட அவர் கையெழுத்தை நான் கூடுதலாகப் பார்த்த ஆண்டுகள் அவை.

இப்போது கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்து நிற்கிறார். தலை நரைத்திருந்தது. வந்த நாளிலிருந்து வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “அப்ப, மனுசியைக் கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தது?” அவர் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடிப்பார். ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய தாயாரான மாமி மட்டும் எல்லாம் முடிவான விஷயம்போல என் சேலைகளில் எவை கொழும்புக்குப் பொருந்தும் என்று பிரித்து அடுக்கத் தொடங்கியிருந்தார்.

நான் போகமாட்டேன். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நகரத்தின் பெயரைக் கேட்டாலே அரிசி மூடையின் சணல் மணம் எனக்கு மூக்கில் ஏறும். ஆனால் மாட்டேன் என்று சொன்னால் அவரை இழந்துவிடுவேனோ என்பது தெரியவில்லை. தனியே இருந்து களைத்த ஒரு மனிதர் கூப்பிட்டு, மனைவி மறுத்தால், அவர் மறுபடி எத்தனை தரம்தான் கடல் கடந்து வருவார்? இரண்டு நாளில் அவர் புறப்பட வேண்டும். அதற்குள் கேட்டுவிட வேண்டும், சொல்லிவிடவும் வேண்டும். வீட்டிலோ, சுவருக்குச் சுவர் ஒரு செவி இருந்தது.

அப்போதுதான் அவர், “ஒரு கார் பிடிச்சு எல்லா இடமும் ஒருக்காப் பாத்திட்டு வருவம்,” என்றார். இனி வரப்போவதில்லை என்று தீர்மானித்தவர்கள்தான் அப்படி எல்லா இடமும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் தனியே கதைக்க ஒரு நாள் கிடைக்கிறதே என்று உடன்பட்டேன்.

தனிமை என்று நான் எண்ணியது கார் புறப்பட்டதுமே பொய்யாயிற்று. மண்ணெண்ணெய் எஞ்சினின் இரைச்சலில், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றைச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு மனைவி கத்திக் கேட்கக்கூடிய கேள்வியா அது? ஆகவே நான் சரித்திரத்தைக் கத்தினேன். கோட்டைப் பக்கமாகப் போகும்போது, இடிந்து குவிந்து கிடந்த கற்களைக் காட்டி, “உது ஒல்லாந்தர் கட்டினது, அதுக்கு முதல் பறங்கியள் கட்டினது,” என்றேன். அவர், “என்ன?” என்றார். மறுபடியும் சொன்னேன். சாரதி திரும்பிப் பார்க்காமலே, “கட்டினவை எல்லாரும் போயிட்டினம் ரீச்சர். கல்லுத்தான் மிச்சம்,” என்று உரத்துச் சொன்னார்.

கொழும்புத்துறையில் இறங்கி நின்றோம். நீரேரி அசையாமல் கிடந்தது. பழைய துறையின் கற்களில் வலைகள் காய்ந்தன. இங்கிருந்துதான் ஒருகாலத்தில் அக்கரைக்குத் தோணிகள் போயின என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ கரையில் நின்ற ஒருவரிடம், மீன் தினமும் கிடைக்கிறதா, எந்த நேரம் வந்தால் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பின்னால் கார் உறுமிக்கொண்டே நின்றது. உறுமும் காரை வைத்துக்கொண்டு எந்த இடத்திலும் மனம் ஊன்றி நிற்க முடியாது. யாரோ நம்மைக் கையில் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும்.

நல்லூரில் கோயிலைச் சுற்றிக் கும்பிட்டோம். வெளிவீதியில் சாரதி காரை மெல்ல உருட்டியபடி எங்களுடன் கூடவே வலம் வந்தார். “மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் நானும் இண்டைக்குச் சுத்திப்போட்டன். ஆரிட்டையும் சொல்லிப்போடாதேயுங்கோ,” என்றார். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோப்பாய் வெளியில் அவர் சாரதியிடம் கேள்விகளை அடுக்கினார். ஜாம் போத்தல் விளக்கில் வாசிக்க முடியுமா? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்கிறார்களாமே, உண்மையா? உடுப்புத் தோய்க்கச் சவுக்காரத்துக்கு என்ன செய்கிறீர்கள்? அவருடைய ஒவ்வொரு கேள்வியும் என்னைத் தைத்தது. வந்துபோகும் மனிதரின் இரக்கம் என்றே அவற்றை எடுத்துக்கொண்டேன். நாங்கள் அன்றாடம் செய்கிற காரியங்களை அவர் புதினம் பார்க்கிறார். இதிலிருந்து என்னை மீட்டுக்கொண்டு போவதாகத்தான் முடிக்கப்போகிறார்.

நிலாவரைக் கிணற்றடியில் அவர் படிகளில் இறங்கி, கறுத்த நீரை நெடுநேரம் பார்த்தார். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று நான் சொன்னேன். அங்கே இரைச்சல் சற்றுக் குறைவு. இப்போது கேட்டுவிடலாம் என்று அருகில் போனேன். அவர் முகம் அப்படி இருண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் படியேறினேன். மேலே சாரதி ஹோர்ன் அடித்தார். எஞ்சின் இடறத் தொடங்கியிருந்ததாம்.

அச்சுவேலி தாண்டி, தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து, வல்வெட்டித்துறைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அங்கிருந்து பருத்தித்துறைக்குப் போகும் தெரு கடலை ஒட்டியே போகும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் பார்த்து, பிறகு வல்லிபுரத்துக்குப் போய், மாலைக்குள் வீடு திரும்புவது எங்கள் ஏற்பாடு. திரும்பினால் மீண்டும் ஆட்கள், மீண்டும் தேநீர், மீண்டும் அந்தக் கேள்வி. ஒரு வளைவில், இடப்பக்கம் கடல் முழுவதுமாய்த் திறந்தது.

“அண்ணை, காரை நிற்பாட்டுங்கோ,” என்றேன்.

“இறங்கப் போறியளோ ரீச்சர்?”

“இறங்கேல்லை. எஞ்சினை நிற்பாட்டுங்கோ.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ரீச்சர், விளங்கித்தான் சொல்லுறியளோ?”

“விளங்கித்தான்.”

அவர் என் கணவரின் பக்கம் முறைப்பாட்டோடு திரும்பினார். இவரோ, “ரீச்சர் சொன்னாச் செய்யவேணும் அண்ணை. நானும் அப்பிடித்தான்,” என்றார்.

சாரதியின் விரல்களில் திறப்பு திரும்பியது. கார் இரண்டு தரம் உதறி அடங்கியது. அதன் பிறகே கடலின் ஓசை கேட்டது. அது அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. சாரதி எங்களைப் பார்க்காமல் இறங்கி, சுருட்டொன்றைப் பற்றவைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த வள்ளம் ஒன்றின் நிழலை நோக்கி நடந்தார். அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கவேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனீங்களோ?”

“அப்பிடி ஆர் சொன்னது?”

“எல்லாரும்.”

“நான் சொன்னனானோ?”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதாலைதான் கேக்கிறன்.”

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டா வருவீரோ?”

“மாட்டன். கோபிச்சாலும் சரி. அந்த ஊருக்குத் திரும்பிப் போக என்னாலை ஏலாது.”

சொல்லிவிட்டேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு, “நல்லதாப் போச்சு,” என்றார்.

நான் இல்லாமலே இருக்கப் பழகிவிட்டார், அதுதான் நல்லதாகப் போயிற்று என்று எனக்குப் பட்டது. அவர் தொடர்ந்து சொன்னதை நான் உடனே உள்வாங்கவில்லை. இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில், அரச அதிபரின் கச்சேரிக் கந்தோரில் ஓர் இடம் இருக்கிறதாம். போக ஆளில்லாமல் கிடக்கிற இடமாம். கந்தோரில் எல்லோரும் விசர் என்று சிரித்தார்களாம்.

“ஏன் எனக்கு உதைச் சொல்லேல்லை?”

“சொன்னா நீர் சந்தோசப்படுவீர். பிறகு என்னாலை ஏலாது எண்டு சொல்ல வராது. இஞ்சை இருக்க என்னாலை ஏலுமோ எண்டு முதல் பாக்கவேணும். கரண்ட் இல்லாமல், மருந்து இல்லாமல், பொம்பர் வந்தா பங்கருக்கை ஓடி. நீங்கள் எல்லாரும் பழகிட்டியள். நான் பயந்தனான்.”

அன்று காலையிலிருந்து அவர் கேட்ட மீனும் விளக்கும் சவுக்காரமும் எனக்கு அப்போதுதான் விளங்கின. வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போகிறவன் கிணற்றையும் கூரையையும் விசாரிப்பதுபோலவே அவர் விசாரித்திருக்கிறார்.

“அப்ப, ஏலுமோ?” என்றேன்.

“கோப்பாயிலை ஏலும் எண்டு நினைச்சன். நிலாவரையிலை ஏலாது எண்டு நினைச்சன்.” இருக்கையில் கிடந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். “இப்ப பசிக்குது.”

நான் சிரித்தேன். சிரித்தபோது கண் நனைந்தது. வாழையிலையில் கட்டிவந்த புட்டையும் சம்பலையும் அவிழ்த்தேன். சாரதியைக் கூப்பிட்டு அவருக்கும் கொடுத்தோம். சாப்பிடும்போது என் கணவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “நீர் வாறன் எண்டு சொல்லியிருந்தா, எனக்குத் திரும்பிவர ஒரு சாட்டும் இருந்திராது.”

அதன்பின் கார் எழும்பவில்லை. மிச்சமிருந்த பெற்றோல் முழுவதையும் குடித்துவிட்டு, இருமியது, படுத்தது. தள்ளுவதைத் தவிர வழி இருக்கவில்லை. மீன் விற்று முடித்து வெறும் ஓலைக் கடகங்களோடு வந்த மூன்று பெண்கள் எங்களைக் கண்டு நின்றார்கள்.

“என்ன, புதுமாப்பிளை பொம்பிளையோ? கடற்கரை பாக்க வந்தனீங்களோ?” என்றாள் ஒருத்தி.

“பழசுதான் பிள்ளை,” என்றார் இவர்.

“பழசெண்டா ஏன் மாப்பிளை சப்பாத்தோடை நிக்கிறார்? கழட்டிப்போட்டுத் தள்ளுங்கோ, மண்ணிலை வழுக்கும்.”

சப்பாத்தைக் கழற்றினார். பெண்கள் கடகங்களைத் தெருவோரம் வைத்தார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஐந்து பேரும் தோள் கொடுத்துத் தள்ள, சாரதி உள்ளே இருந்து செபமாலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். இரண்டு தரம் ஏமாற்றிவிட்டு, மூன்றாவதில் அது வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பியது. அந்தப் பெண்கள் தும்மியபடியே எங்களை ஏசி அனுப்பினார்கள்.

“இனி வீட்டு வாசல்வரைக்கும் என்னட்டை ஒண்டும் கேக்கப்படாது ரீச்சர்,” என்றார் சாரதி. வல்லிபுரத்துக்கு நாங்கள் அன்று போகவில்லை. தெருமூடி மடத்தையும் பார்க்கவில்லை. வழி நெடுகிலும் கார் இரைந்தது. எனக்குக் கத்திச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மாலையில் மாமி, “எப்ப வெளிக்கிடுறியள் ரெண்டுபேரும்?” என்று கேட்டபோது, “நான் மட்டும்தான் அம்மா. போயிட்டு வந்திடுவன்,” என்றார். மாமி மகனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பிரித்து அடுக்கிய என் சேலைகளை மறுபடியும் ஒன்றாக்கினார்.

அவர் சொன்னபடி வந்தார். வந்து சிறிது காலத்திலேயே பேச்சு முறிந்தது. விமானங்கள் திரும்ப வந்தன. கச்சேரிக்குச் சைக்கிளில் போனார். இரவில் விளக்கடியில் வாசிக்க முயன்று கண்ணாடியை மாற்றவேண்டி வந்தது. பங்கருக்குள் இறங்க முதலில் தயங்கினார், பிறகு எல்லோருக்கும் முன்னே இறங்கினார்.

அந்த ஆண்டு மழை தொடங்கிய காலத்தில், இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஓர் இரவுக்குள் எழும்பி, நீரேரிக்கு அப்பால் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மாமியை ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் அயலவரோடு முன்னே அனுப்பியிருந்தோம். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனம் இறுகி நின்றது. அவர் சைக்கிளை உருட்டினார். நான் பின்னால் கட்டியிருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தேன்.

“கொழும்பிலையே இருந்திருக்கலாம் எண்டு நினைக்கிறியளோ?” என்று கேட்டேன்.

“அங்கை இருந்திருந்தா, உமக்கு என்ன நடந்துதோ எண்டு இப்ப றேடியோவுக்கு முன்னாலை இருந்திருப்பன்,” என்றார். “பெட்டியை வடிவா இறுக்கிப் பிடியும். சரியுது.”

நான் மற்றக் கையையும் வைத்துப் பிடித்தேன்.