மார்கழியில் நகராத கார்

பெருமாட்டி ஊர்க் கமலாத்தாளுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க ஆகாது. கல்யாணமாகிப் பத்து வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளுக்கு, இடுக்கியில் ஏதோ எஸ்டேட் பங்களாவில் சும்மா நின்ற, கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் காரை வாங்கி வந்தான் அவள் புருஷன் நஞ்சப்பன். அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியுமா? சந்தை, கல்யாணம், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் அவளே ஓட்டிப் போவாள். பழைய காலத்து வண்டி, இரண்டே கியர், கம்ப்யூட்டர் கிடையாது. முப்பது வருடத்தில் கியர்பாக்ஸை ஒருத்தனும் கழற்றியதில்லை.

ஒரே குறை. ஆறேழு வருடமாக மார்கழிக் காலையில் எஞ்சின் ஓடும், வண்டி அசையாது. அரைமணி நேரம் உறுமவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இந்த மார்கழியில் மத்தியானமாகியும் கிளம்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் டிராக்டரில் கட்டி கோவிந்தாபுரம் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். "கியர்பாக்ஸ் போயிருந்தா பார்ட்ஸ் கெடைக்காதுங்கக்கா" என்றான் மெக்கானிக் ஜெகன். கமலாத்தாள் தன் சூம்பின காலைப் பார்த்தாள். மறுபடியும் அந்த நாலு சுவரா?

ஜெகன் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினான். சிவப்பாக கியர் எண்ணெய் வடிய வேண்டிய இடத்தில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக விழுந்தது. தொட்டு மோந்தான். நம்பாமல் மறுபடியும் மோந்தான்.

"அக்கா, இது தேங்காயெண்ணெய்ங்க."

கமலாத்தாள் திரும்பிப் பார்த்தால், நஞ்சப்பன் சுவரில் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நீங்களா?"

"கியர் ஆயில் ஒழுகுச்சு. ரெண்டு கடைல கேட்டேன், இல்லைன்னுட்டான். நம்ம தோப்புத் தேங்கா ஆட்டுனதுதான, மாசம் அரை லிட்டர் ஊத்துனேன்."

"எத்தன வருசமா?"

"ஏழு."

ஜெகன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்றைய வண்டியாக இருந்தால் ஏழு நாள் தாங்காதாம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தவனுக்கு இன்னும் அதிர்ச்சி. எல்லாம் நன்றாகவே இருந்தது. இத்தனை நாள் குளிரில் எண்ணெய் உறைந்தது, இந்தத் தடவை அதன் கசடு சல்லடையை அடைத்ததுதான் கோளாறு. கழுவி, ஒழுகுவதை அடைத்து, சரியான எண்ணெய் ஊற்றினால் ஓடும் என்றான்.

போன உயிர் திரும்பியதும் கமலாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னங்க?"

நஞ்சப்பன் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வண்டி போச்சுன்னு தெரிஞ்சா நீ மறுபடியும் ஊட்டுக்குள்ள உக்காந்துக்குவ. அதப் பாக்க என்னால ஆகாது."

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அந்த மனுஷன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.