தறிச் சத்தம் கேட்காத அன்று

கணவரின் வேலைக்காக கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவில் வசிக்கிறோம். போன வருடம் விடுமுறைக்கு இங்கேயே ஒரு கடற்கரை ஓட்டலில் தங்கினோம். யாரும் செருப்புகூடப் போடாத, அவசரமே இல்லாத இடம். வலை ஊஞ்சலில் படுத்தபடி ஆந்திர எல்லையில், நகரி ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்தேன். வீட்டிலேயே விசைத்தறி ஓடுவதால் எப்போதும் கத்தித்தான் பேசுவோம். அன்று சத்தமே இல்லை.

"தறி ஓடலியா நைனா?"

"கரென்ட்டு இல்லம்மா. அந்தக் கடல் சத்தத்த கொஞ்சம் கேக்க வை."

போனை அலைப்பக்கம் நீட்டினேன்.

திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடிதான் அதைக் கேட்டார் என்பதை, அவர் இறந்த பிறகே அம்மா சொன்னாள். "பொண்ணு சந்தோசமா கீறா, சொல்லாதன்னாரு."

தறியை இப்போது அண்ணன் ஓட்டுகிறான். அம்மாவிடம் பேசும்போது முதலில் அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறேன். கேட்காவிட்டால், வீடியோ காலில் வரச் சொல்லி, ஓடாமல் நிற்கும் தறியைக் காட்டச் சொல்கிறேன்.