அப்பா சாகிற படம்

நாவலூரில் நான் இருக்கும் ஆபீசில் போன வாரம் முழுக்க ஒருத்தரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. புதுசாக ஒரு போர்ப் படம் வரப்போகிறது. டிரெய்லரைப் போட்டுப் போட்டுப் பார்ப்பதும், அதில் வரும் பீரங்கி நிஜமா கிராபிக்ஸா என்று மீட்டிங் நடுவில் சண்டை போடுவதும்தான் வேலை. முன்பதிவு திறக்கிற நேரத்துக்கு ஆளுக்கொரு மொபைலோடு தவம் கிடந்தார்கள். எனக்கும் ஒரு டிக்கெட் போடவா என்று டீம் லீட் கேட்டான். வேண்டாம் என்றேன். ரத்தம் பார்த்தால் பயமா என்று கேலி செய்தான். ரத்தமெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. என் அப்பா ஒரு போர்ப் படத்தில் செத்துப்போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போது நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம்தான். அப்பா மட்டும் வேன் ஓட்டப் போய்விட்டார். கேளம்பாக்கத்திலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் ஒரு போர்ப் படம் எடுக்க வந்தவர்கள் கொஞ்ச நாளுக்கு அவருடைய வேனை வாடகைக்குப் பேசினார்கள். ஒருநாள் சிப்பாய் வேஷத்துக்கு ஆள் குறைந்தது. டிரைவருக்கு மீசை எடுப்பாக இருக்கிறதே என்று யாரோ சொல்ல, உடுப்பை மாட்டி, குண்டடி பட்டு மணலில் விழச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கழுத்தெல்லாம் சிவப்புச் சாயத்தோடு வாசலில் வந்து நின்றார். அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

"ஒண்ணுமில்லமே. இன்னிக்கி செத்துட்டேன், அவ்ளோதான்."

பேச்சைப் பாருங்கள். அம்மா அவரை உள்ளே விடவில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, வெந்நீரில் குளிக்க வைத்த பிறகுதான் சோறு போட்டாள். அப்போதும் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள். அவளைத் தணிக்கத்தான் அப்பா அந்த விஷயத்தைச் சொன்னார். சினிமாவில் ஒரு ஆள் சாகிற மாதிரி எடுத்தால், எடுத்து முடித்த கையோடு அவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் படம் பிடித்துக்கொள்வார்களாம். செத்தவர் செத்தவராகவே நின்றுவிடக் கூடாதாம். பிறகு எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி அனுப்புவார்களாம்.

"நீ சிரிச்சியா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாவே சிரிச்சேன்மே."

"எங்க, சிரிச்சிக் காட்டு."

அப்பா சோற்றுக் கையோடு சிரித்துக் காட்டினார். முதலில் தொண்டைக்குள் கரகரவென்று வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இழுத்து, அப்புறம்தான் அவருடைய சிரிப்பு வெளியே வரும். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில மாதங்களிலேயே கம்பெனி வேன்களை நிறுத்திவிட்டது. அப்பா குவைத்தில் ஒரு பணக்காரர் வீட்டுக்கு டிரைவராகப் போனார். வெள்ளிக்கிழமைதான் போன் வரும். எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் வைத்த போன், குரல் மட்டும்தான். எனக்கு அப்பாவைப் பார்க்க வேண்டும். கல்யாண போட்டோவில் விறைத்துக்கொண்டு நிற்கிறவரை அல்ல, நடக்கிற, திரும்புகிற, மீசையைத் தடவுகிற அப்பாவை. அதற்கு ஒரே வழி அந்தப் படம்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்க அப்பா சாகிற படம் வரப்போகுது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என்னைவிட அதிகமாக அந்தப் படத்துக்கு ஏங்கியது மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலை என்று பெயரே தவிர, முழு நேர உத்தியோகம் ரசிகர் மன்றம்தான். படத்தின் கதாநாயகனை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்தால் மாமா கஞ்சி குடிப்பார். படமோ தள்ளிக்கொண்டே போனது. கோடை விடுமுறைக்கு என்றார்கள், தீபாவளிக்கு என்றார்கள், கடைசியில் பொங்கலுக்கு என்று முடிவானது. மாமா சவரம் செய்வதை நிறுத்தி, ரிலீஸ் அன்றுதான் தாடி எடுப்பேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். தாடி அவருக்கு ஒழுங்காக முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மார்கழியில் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நாங்கள் போட்டால் ஏதோ பாஷையில் ஒரு பெண் பேசினாள். அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டே கோலம் போட்டாள், பாத்திரம் துலக்கினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. எப்படியும் பொங்கலுக்கு அப்பாவைப் பார்க்கத்தானே போகிறோம் என்று இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் கட்டினார். மேலே துப்பாக்கியோடு அண்ணன். கீழே மன்றத்து ஆட்களின் தலைகள் வரிசையாக. நடுவில், எல்லாத் தலையையும்விடப் பெரிதாக, வட்டத்துக்குள் எங்கள் அப்பா. ஊர்க்காரர் ஒருவர் அண்ணனோடு நடித்திருக்கிறார் என்றால் சும்மாவா? அதை நாலு பேருக்குத் தெரியும்படி மாமா எழுதவும் செய்திருந்தார்: 'வீர மரணம் அடைந்த எங்கள் மாமா.'

மறுநாள் காலை அம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள். தெருமுனையிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு ஒரு அழுகை வந்தது. திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் அப்பாவின் அத்தை. மாமல்லபுரத்துக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி ஓடி வந்திருக்கிறார்.

"என் ராசா, கண்காணாத சீமைக்குப் போயி இப்புடி ஆயிட்டியே. அடி பாவி, எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

அம்மா பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அதிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. ரொம்பச் சின்னக் குரலில், "உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பஸ் ஸ்டாப்பாண்ட போட்டோ போட்டு வச்சிகிறாங்களேடி."

அம்மா நடந்தாள். செருப்பு போடவில்லை, ஈரத்துணியையும் கீழே வைக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். பிளெக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மேலே துப்பாக்கியோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. டீக்கடையிலிருந்து மாமா சிரித்த முகமாக ஓடி வந்து, "எப்புடிக்கா கீது?" என்று கேட்டார். அந்த ஈரத்துணி எதற்காக அவ்வளவு தூரம் வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமாவின் முதுகில் அது விழுந்த சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். பிறகு அவரையே பிளேடு வாங்கி வரச் சொல்லி, அப்பாவின் முகத்தை வட்டமாக அறுத்து எடுக்கச் செய்து, சுருட்டிக் கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். பொங்கல்வரை அந்த பிளெக்ஸ் நடுவில் ஓட்டையோடுதான் நின்றது.

படத்துக்கு வரமாட்டேன் என்று அம்மா அன்றே சொல்லிவிட்டாள். அந்தக் கண்றாவியைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்றாள். ஆனால் ரிலீஸ் அன்று காலை எனக்குத் தலை பின்னிவிட்டு, ரிப்பனை முடிச்சுப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அந்தச் சிரிக்கிறது வருதான்னு மட்டும் பாத்துகினு வா."

செங்கல்பட்டில் காலை ஆட்டம். தியேட்டர் வாசலில் மேளம், பட்டாசு, அண்ணனின் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம். பால் என் ரிப்பனிலும் விழுந்தது. உள்ளே அண்ணன் தலை தெரிந்ததும் எல்லோரும் சீட்டின்மேல் ஏறிவிட்டார்கள். பேப்பர் பறக்கிறது, விசில் பறக்கிறது, திரையைக் காணோம். மாமா இரண்டு பை நிறையப் பேப்பர் கிழித்துக் கொண்டுவந்திருந்தார். கடற்கரைச் சண்டை தொடங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு முன்னால் முதுகுகள்தான் இருந்தன. மாமா என்னைப் பார்த்தார். பேப்பர்ப் பையைக் கீழே போட்டார். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அண்ணன் பெரிய வசனம் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு வருஷமாக அவர் காத்திருந்த அந்த நேரத்தில், கத்தினார்.

"டேய் உக்காருங்கடா, எங்க மாமா வராரு."

வந்தார். அண்ணனுக்குப் பின்னால் ஓடி வந்தார். மார்பில் கை வைத்தார், மணலில் விழுந்தார். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அலை வந்து அவர் விரலைத் தொட்டுவிட்டுப் போனது. எங்க அப்பாவேதான். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பெரிதாக. அப்பா என்று கூப்பிட்டேன். அதற்குள் திரையில் வேறு யாரோ ஓடினார்கள்.

படம் முடிந்து, பெயர்கள் ஓடி, அதுவும் முடிந்து, தியேட்டரைக் கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு வந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்குடி உக்காந்துகினு கீற?" என்றார் மாமா.

"அப்பா சிரிக்கிறது இன்னும் வரல."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை எடுத்தார். வழியில் இருந்த அண்ணனின் பிளெக்ஸ் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் படம் பார்த்துவிட்டு அவர் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாவு ஊற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"வந்துச்சுக்கா. விழுந்தாரா, அப்பால எழுந்து உக்காந்துகினு நேரா நம்மளப் பாத்துச் சிரிச்சாரு."

"பொய்," என்றேன். "வரவே இல்ல. நான் கடைசிவரைக்கும் பாத்தேன்."

"நீ தூங்கிட்ட."

நானா தூங்கினேன்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையைக் கடித்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. திரும்பிக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே, "எப்புடிடா சிரிச்சாரு?" என்று அவரிடம்தான் கேட்டாள். மாமா சொன்னார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் சொன்னார். நாளுக்கு நாள் அந்தச் சிரிப்பு வளர்ந்துகொண்டே போனது. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார் என்றார், அலை வந்து முகத்தில் அடித்ததும் துப்பிவிட்டுச் சிரித்தார் என்றார். பொய் என்று நான் கத்தக் கத்த, அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல், நடு வாரத்தில் ஒரு மத்தியானம் போன் அடித்தது. அப்பாதான். குளிர்காலம் என்று முதலாளி வீட்டார் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போயிருந்தார்களாம், அங்கே சிக்னலே கிடையாதாம். அவர் ஊர் திரும்ப இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அத்தை வந்து அழுதது, பிளெக்ஸ், கண்ணைக்கூட மூடாமல் கிடந்த ராத்திரிகள். எதையும் சொல்லவில்லை.

"படம் வந்துடுச்சு. நீ எழுந்து சிரிச்சியாமே," என்றாள்.

நான் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "நானா?" என்று அப்பா இழுத்தது கேட்டது. பிறகு அப்பா, "ஆமாமே," என்றார். அவருமா? படத்தில் வரவில்லை என்று நான் கத்தினேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு, போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க, சிரிச்சிக் காட்டு."

சிரித்தார் போலிருக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு வாட்டி," என்றாள். அப்புறம் இன்னொரு வாட்டி. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அங்கே காசு கரைந்துகொண்டிருந்தது. எனக்குப் பேச ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை. படத்திலேயே வராத சிரிப்பை இப்போது போனில் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று, எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.