கெஞ்சாமல் ஒரு கட்டுரை

போன வாரம் அக்கா மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சித்தி, விளக்கக் கட்டுரைன்னா என்ன?" நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் போனில் கேட்டு, பார்த்து எழுதி, நோட்டை மூடிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்களிடமாவது சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மனு எழுதிக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். பக்கத்தில் பால்கோவா போடுகிறவர்கள். காலையிலேயே பால் சுண்டும் வாசனை வந்து வயிற்றைக் கிள்ளும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பட்டா மாற்றம்தான் ஞாபகம் வருகிறது, என்ன பிழைப்போ! வத்திராயிருப்புப் பெரியவர் ஒருத்தர், "தாயி, இன்னும் செத்த இளக்கமா எழுது, அவிய மனசு இரங்கணும்லா" என்பார். இளக்குவேன். அதில் நான் கெட்டிக்காரி. மனுவின் அடியில் 'எழுதியவர்' என்று என் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், கடை வழக்கம் அது. ஒரு நாளைக்கு எம்புட்டு கையெழுத்து போட்டிருப்பேனோ.

ஆயுசுக்கும் மனு எழுதிக்கொண்டே இருக்க முடியாது என்று அரசு வேலைத் தேர்வு எழுதினேன். இரண்டு தடவையும் கட்டுரைத் தாளில் மண்ணைக் கவ்வினேன். மூன்றாவதுதான் கடைசி, அதோடு வயசு வரம்பு முடிகிறது. பயத்தில் சோறு இறங்காது. பஸ்ஸில் உட்கார்ந்தே அழுதிருக்கிறேன்.

எங்கள் தெரு சபுராவும் அதே பஸ், அதே பரீட்சை. ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படிப்போம். குடிநீர்ப் பற்றாக்குறை பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி, காரணம் என்னன்னு விளக்கச் சொன்னா, நீ யார்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்க?"

பார்த்தால், 'குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன்! சபுரா சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்தே வந்துவிட்டார்.

"உங்க வீட்டுல பேண்டேஜ் துணிதான நெய்யிறீய? அது எப்படி வருதுன்னு எழுது. படிக்கிறவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்கோ" என்றாள். நூல், தறி, அப்புறம் வெட்டு, சுருட்டு, பெட்டியில் அடை என்று எழுதிக் கொடுத்தேன்.

"தறியில இருந்து வார பழுப்புத் துணிய அப்படியேவா புண்ணுல கட்டுவீய?"

வெளுக்கிறதை விட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம், சொல்லணும் என்றே தோன்றவில்லை. நமக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அப்புறம் எதை எழுதினாலும் சபுரா, "அது ஏன்? அதுக்கு முன்ன என்ன?" என்று குடைவாள். எரிச்சலில் நோட்டை வீசியிருக்கிறேன். கடைசியில் ஒரு நாள், "இப்ப சரிட்டி" என்றாள்.

பரீட்சையில் மழைநீர் சேகரிப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள். நம்புங்கள், அப்படி எழுதினேன். கூரையில் விழுந்த தண்ணீரை மண்ணுக்குள் இறங்கும்வரை விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இடத்தில்கூடக் கெஞ்சவில்லை. ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று மணி அடித்தது. கடைசி வரியை முடித்தேன். முடித்த கை நிற்கவில்லை. அடியில் 'எழுதியவர்' என்று போட்டு, என் பெயரைப் போட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டது.

தாள் வாங்க வந்த சூப்பர்வைசர் பார்த்தார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? பேரு இருந்தா பேப்பர் செல்லாதேம்மா."

"அடிச்சிரட்டா சார்?"

"அடிச்சாலும் அடையாளம்தாம்மா."

ஒரு வருஷமாகக் கெஞ்சாமலிருக்கப் பழகியவள், அத்தனை பேர் பார்க்க அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வாசலில் நின்ற சபுரா, "எப்படிட்டி?" என்றாள். நல்லா எழுதியிருக்கேன் என்றேன். அவமானம், வேறென்ன. ரிசல்ட்டில் அவள் நம்பர் இருந்தது, என்னுடையது இல்லை. அவளால் நம்ப முடியவில்லை. "என்னட்டி ஆச்சு? எதையும் விட்டுட்டியா?" என்று பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியல என்றேன். "நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன் போல" என்று அவள் அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வேலை கிடைத்து எங்கோ வடக்கே போனாள். அவள் வீட்டாரும் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். இப்போது மனுவெல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது, எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவளுடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. அவள் இன்னும் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.