ஆப் சொன்ன நேரமும் சவரியார் திட்டு மணியும்

பாண்டிச்சேரி என்றாலே மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பது என்று ஆகிவிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கே சலித்துவிட்டது. முகத்துவாரத்துக்கு உள்பக்கம் சவரியார் திட்டு என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது, முப்பத்தாறு வீடு, எல்லாரும் கத்தோலிக்கர்கள் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டேன். நீங்களும் போவதாக இருந்தால் நான் செய்த தப்பை முதலில் படியுங்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தெற்கே ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், அதற்குமேல் 700 மீட்டர் நடை. படகுத்துறைக்கு 6:50க்குப் போய்ச் சேர்ந்தேன். துறை என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நாலு கல், ஒரு கம்பம். படகை ஓட்டுவது ரீத்தா அக்கா. ஆளுக்கு இருபது ரூபாய், பத்து நிமிஷப் பயணம். படகில் இருபத்திரண்டு தண்ணீர் கேன் ஏற்கெனவே ஏறியிருந்தது. திட்டில் கிணறு உண்டு, ஆனால் உப்பு. குடிக்கிற தண்ணீர் முழுக்க இந்தப் படகில்தான் போகிறது. குழாய் கேட்டு கொம்யூன் பஞ்சாயத்துக்கு மனு போட்டிருக்கிறார்களாம்.

கேன்களுக்கு நடுவில் ஆரோக்கியமேரி அக்கா உட்கார்ந்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். ஞாயிறு பூசை வைக்க டவுனிலிருந்து வரும் பாதிரியாரை, இவர்கள் பேச்சில் சாமியாரை, அழைத்துப்போக வந்திருந்தார். இவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பது. இரண்டு வாசித்தாயிற்று, மூன்றாவது அன்றைக்கு. புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும், அப்புறம் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை துபாய் லீவில் வந்தவர், அடுத்த வாரம் கிளம்பணும். மூன்றாவது ஓலை இல்லாமல் நடத்த மேலிடத்தில் விலக்கு வாங்கலாம்தான், ஞாயிற்றுக்கிழமை யாரிடம் கேட்பது?

7:20க்குத் திட்டிலிருந்து மணி கேட்டது. அங்கே கோயில்பிள்ளை, அதாவது கோயிலைப் பார்த்துக்கொள்பவர், கரையில் நட்ட கல்லில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் கோட்டுக்கு இறங்கினால் மணி அடிப்பார். அதற்குப் பிறகு அரை மணி நேரம்தான் படகு போகும். பூசை நேரமே இந்தக் கோட்டை வைத்துத்தான், கடிகாரத்தை வைத்து இல்லை.

சரியாக அப்போது சாமியார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார் ரீத்தா அக்கா. "ரீத்தா, ஞானஸ்நானம் ஒண்ணு இருக்கு. முடிச்சுட்டு வரலாமா, தண்ணி நிக்குமா?"

ரீத்தா அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நிதானமா வாங்க ஃபாதர், 8:50 வரைக்கும் தண்ணி இருக்கு. ஆப்ல பாத்துட்டேன்." தெரியாத ஒருவன் இவ்வளவு உறுதியாகச் சொன்னால் யாரும் நம்புவார்கள். "சரி" என்று வைத்துவிட்டார். ரீத்தா அக்கா திரும்பக் கூப்பிட்டார், மூன்று தடவை. எடுக்கவில்லை.

சாமியார் வந்தது 8:15. மணி அடித்து அரை மணி தாண்டிவிட்டது, ஆனாலும் ஓலைக்காக ரீத்தா அக்கா படகை எடுத்தார். திட்டுக்கு நூற்றைம்பது மீட்டர் இருக்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்தது.

"தம்பி என்னா படிச்சிருக்கு?" என்றார் ஆரோக்கியமேரி அக்கா.

"மெக்கானிக்கல் என்ஜினியரிங்க்கா."

"அதான்."

காரணம் எளிது. என் போனில் இருக்கும் ஆப் சொல்வது வெளிக்கடலின் ஏற்ற இறக்க நேரம். முகத்துவாரத்தில் மணல் மேடு இருக்கிறது. மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் உள்ளே தண்ணீர் முன்கூட்டியே வடிந்துவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் அக்காவே சொல்லியிருப்பார்.

சாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாசம், சேற்றில் இறங்க முடியாது. பத்து மணிக்கு டவுனில் அடுத்த பூசை. ஆரோக்கியமேரி அக்கா யாரையும் திட்டவில்லை. எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினார்: "ஏ ஜெசி! எல்லாரையும் கூட்டிக்கினு வா! ஓல இங்கியே!"

வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மொத்தத் திட்டும் சேற்றில் இறங்கி வந்தது. சாமியார் படகில் நின்று ஓலையை வாசித்தார். "தடை அறிந்தவர் யாராவது உண்டா?"

"இருக்கு சாமி!" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "மாப்ள கருவடிக்குப்பம், டவுன் ஆளு. நீச்சல் தெரியாது!"

"அது தடை இல்லம்மா, கவலை" என்று சாமியார் காகிதத்தை மடித்தார். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஜெசிந்தா சிரித்த சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஓலை தப்பித்தது, பூசை போனது. இவர்களுக்கு வாரத்தில் அது ஒன்றுதான், அது என்னால் போனது. கேன்களை இறக்கிப் படகை இலேசாக்கினோம். பத்துப் பேர் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள், ரீத்தா அக்கா சாமியாரோடு திரும்பினார். இருபத்திரண்டில் ஏழு கேனை நான் சுமந்தேன். ஒரு கேன் இருபது கிலோ, சேற்றில் நாற்பது மாதிரி இருக்கும். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிறகு கோயிலில் அவர்களே செபமாலை சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மதியம் நண்டுக் குழம்பு மட்டும் வந்தது. குடிக்க ஒரு டம்ளர் தண்ணீரும். அதைக் கீழே சிந்தாமல் குடித்தேன்.

போகிறவர்களுக்கு: மணி கேட்டதும் ஏறுங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் கேன் வாங்கிப் போங்கள், நீங்கள் குடிப்பது அவர்கள் பங்கு. திட்டில் கடை கிடையாது. தண்ணீர் வடிந்தால் அடுத்த ஏற்றம் வரை திரும்ப முடியாது, எனக்கு மாலை ஆறே கால் ஆனது. செருப்பை விடப் பழைய ஷூ நல்லது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். ஆறு மணிக்கே துறையில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் பட்டுப்புடவையில் நின்ற ஆரோக்கியமேரி அக்கா என்னைப் பார்த்ததும் ரீத்தா அக்காவிடம் சொன்னார்:

"இந்தத் தம்பிய மொத டிரிப்புலயே ஏத்திடுடி. இங்க நிக்க உட்டா சாமிக்கு போன் பண்ணும்."