அம்மா போகாத காரைக்கால்

அப்பா விவசாயி. இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். வில்லியனூர் தாண்டி எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் வெண்டை போட்டிருந்தார். வெண்டை ஆளைக் கட்டிப்போட்டுவிடும் பயிர். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். தவறினால் காய் முற்றிப்போகும், வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான். பறிக்கிற வேலை அம்மாவுடையது. விதைத்தவர் விவசாயி, பறிக்கிறவள் விவசாயியின் மனைவி, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் வந்தது அதில்தான். புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். விடியும்போதே தோட்டத்தில் இறங்கி, சுணை அரிக்காமல் இருக்க என் பழைய ஸ்கூல் சாக்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டு பறிப்பாள். மூட்டையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போய்ப் பெரிய மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அங்கேயே குழாயில் முகம் கழுவி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு அலுவலகம் போவாள். அப்பாவும் சும்மா இருந்தார் என்று சொல்லமுடியாது. மோட்டார் போடுவார், மருந்தடிப்பார், டீக்கடையில் உட்கார்ந்து உரவிலையைத் திட்டுவார்.

நான் நாலாவது படிக்கும்போது அம்மாவுக்குப் பதவி உயர்வு வருவதாகப் பேச்சு வந்தது. எங்கள் ஊர் அரசு வேலையில் பதவி உயர்வு பெரும்பாலும் பெட்டி படுக்கையோடுதான் வரும். காரைக்காலுக்கோ மாஹேவுக்கோ ஏனாமுக்கோ போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். அம்மாவுக்குக் காரைக்கால். பாஷை தெரியாத ஊருக்குப் போகாமல் தப்பித்தாளே என்று கூட வேலை செய்தவர்கள் சந்தோஷப்பட்டார்களாம்.

"நானும் புள்ளையும் அங்க போயிடறோம். வாராவாரம் வந்துடறேன். வந்து என்னால ஆனத பறிக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"வாரம் பூரா முத்தாம இருன்னு வெண்டக்காய்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அப்பாவுக்கு வேடிக்கையாகப் பேச வரும்.

"அப்ப வெண்டய அழிச்சிட்டு சவுக்கு போடுங்க."

அப்பாவின் முகம் செத்துப்போனது. எங்கள் பக்கத்தில் டவுனில் வேலை பார்க்கிறவர்கள்தான் நிலத்தில் சவுக்கு நட்டுவிட்டுப் போவார்கள். அதை ஆள் நின்று பார்க்க வேண்டியதில்லை, பறிக்க வேண்டியதில்லை. சவுக்கு போட்டவனை யாரும் விவசாயி என்று கூப்பிடமாட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. காரைக்காலில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று விசாரித்தாள். கடலுக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமாம் என்று என்னிடம் சொன்னாள். பறிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். அதற்கு முன்னால் அவளுக்குப் பாட்டு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, டவுனுக்குப் போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டு அப்பா என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார். பின்னால் ஒரு பலாப்பழமும் ஒரு பை நிறைய இளம் வெண்டைக்காயும் கட்டியிருந்தது. அந்தக் காய்களையும் அம்மாதான் காலையில் பறித்திருந்தாள். போனது லாஸ்பேட்டையில் அம்மாவின் மேலதிகாரி வீட்டுக்கு. சாரின் மனைவி ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து உள்ளே எடுத்துப்போனார்.

அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "அவளுக்குப் போவ இஷ்டமே இல்ல சார். ஒங்ககிட்ட சொல்லப் பயந்துகினு வீட்ல அழுவறா. கொழந்தைய வேற பாக்கணும்."

சார் குழந்தையைப் பார்த்தார். குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"இஷ்டமில்லாதவங்கள நான் ஏங்க அனுப்பப்போறேன்? அடுத்த ஆளு ரெடியா இருக்காங்க" என்றார் சார்.

அம்மா எப்போது அழுதாள் என்று எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் அப்பா அப்படியே பீச்சுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்ததில் சந்தேகம் கரைந்துவிட்டது.

ஆர்டர் வந்தபோது அதில் அம்மாவுக்கு அடுத்த இடத்திலிருந்தவரின் பெயர் இருந்தது. அம்மா கேட்டதற்கு, உங்கள் வீட்டுக்காரர்தானே வந்து சொன்னார் என்றாராம் சார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் நின்றாள்.

"நான் அழுதனா?"

"ஒனக்காகத்தான் சொன்னேன். தனியா போயி நீ படற கஷ்டத்த என்னால பாக்க முடியாது" என்றார் அப்பா.

படுபாவி, அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதனால்தான். தெரிந்தே செய்திருந்தால் அம்மா சண்டை போட்டிருக்கலாம். என் புருஷன் சொன்னது பொய் என்று மறுநாள் அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. புருஷனைப் பொய்யன் என்று சொல்லி வாங்குகிற பதவி என்ன பதவி என்று அவளை நினைக்கவைத்துத்தான் வளர்த்திருந்தார்கள். ஸ்கூட்டியைத் துடைத்து வைத்துவிட்டு உலை வைத்தாள்.

கொஞ்ச நாளில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்திருந்தோம். அப்பா சுற்றியிருந்தவர்களிடமெல்லாம், "வந்த ப்ரொமோஷனையே எங்களுக்காக வேணாம்னுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் உண்மையான பெருமை. எல்லோரும் அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பொம்பளைன்னா இப்படி இருக்கணும் என்றார் ஒருவர். அம்மா இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்த மாதிரி இருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பேர் புகழ்கிற அம்மா வேறு யாருக்கு இருக்கிறாள்?

அத்தை என் கன்னத்தைத் தடவி, "நீயும் பெரியவளாகி ஒங்கம்மா மாதிரியே வரணும், இன்னா?" என்றாள்.

"வருவேன் அத்தை" என்றேன், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

அம்மா இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டாள். பாயசம் இன்னும் எங்கள் வரிசைக்கு வரவில்லை. அதற்குள் அப்படி என்ன அவசரம் அவளுக்கு என்று நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.