சிவப்புக் கோடு போட்ட விடைகள்

திருத்தங்கலில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முப்பது வயது இருக்கும். வெடிமருந்து ஏறிய விரல்கள் வெள்ளிபோல் மினுங்கின. பள்ளிக்கூடமே போகாதவர், விருதுநகரில் எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதப் போகிறாராம். கண்ணை மூடி, காகிதக் குழாய் சுற்றுவதுபோல் தொடையில் கட்டைவிரலை உருட்டியபடியே ஒப்பித்தார்.

"இந்தியாவிலேயே நீளமான நதி வைப்பாறு."

எங்கள் பக்கம் ஓடும் சின்ன ஆறு அது; எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத எதுல படிச்சீக?"

"வெடிக்குக் குழாய் சுத்துறதுக்குப் பழைய பரீட்சைத் தாளு எடைக்கு வருமுங்க. வாத்தியாரு செவப்புக் கோடு போட்டதெல்லாம் முக்கியமானதுதான? அத மட்டும் எடுத்துவச்சு மனப்பாடம் பண்ணிட்டேன்."

"அய்யோ, தப்புக்குத்தான்யா செவப்புக் கோடு போடுவாக."

கட்டைவிரல் நின்றது. "அப்ப கோடு போடாததுதான் சரிங்களா?"

"ஆமா."

"அம்புட்டையும் சுத்தி வெடியாக்கி அனுப்பிட்டேனே."

விருதுநகரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நின்றது. அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குள் விறுவிறுவென்று நடந்தார்.

அன்று அவர் எழுதிய தாளும் பிறகு எடைக்குப் போய், எங்கோ ஒரு தீபாவளிக்கு வெடித்திருக்கும். அதில் சிவப்புக் கோடு இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.